கடலோர ஊர்களில் செல்போன், டிவி திரைகளைத் துடைக்கும் முறை: முழு வழிகாட்டி

திரை துடைப்பது பற்றி யார் எழுதினாலும் முதல் வரி பெரும்பாலும் இதுதான்: "உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள்." ஏசி போட்ட அலுவலகத்தில், விரல் ரேகை மட்டும் படியும் திரைக்கு அது சரி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜன்னல் திறந்து கிடக்கும் வீட்டில் அந்த முதல் வரியே கீறலுக்கு வழி. மார்த்தாண்டம், குலசேகரம் என்று கடலை விட்டுத் தள்ளி இருந்தால் கீறல் பயம் குறைவு. அங்கே வேறு அழுக்குகள் உண்டு, அதையும் பின்னால் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துத் திரைகளில் முக்கியமாகப் படிவது மூன்று: மணல், உப்பு, எண்ணெய். மணல் எதிலும் கரையாது, ஊதித்தான் அகற்ற வேண்டும். உப்பு தண்ணீரில் கரையும். ஆல்கஹாலில் ஏறக்குறைய கரையவே கரையாது. எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீருக்கு அசையாது. ஆல்கஹாலோ ஒரு சொட்டு சோப்போ வேண்டும். முதலில் மணல், அப்புறம் உப்பு, கடைசியில் எண்ணெய். இந்த வரிசை மாறினால்தான் வம்பு. விலை கூடிய ஸ்க்ரீன் கிளீனர் வாங்கி அடித்தும் திரையில் வெள்ளையாக ஏதோ படர்ந்து நிற்கிறது என்று சொல்பவர்கள், பெரும்பாலும் உப்பை ஆல்கஹாலால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மணலும் உப்பும் செய்யும் வேலை

மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை ஏன் வந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், மோனசைட், சிர்கான், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கார்னெட் 6.5 முதல் 7.5 வரை, சிர்கான் 7.5, சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸ் 7. செல்போன் கண்ணாடியில் பொதுவாக 6-இலேயே கீறல் விழத் தொடங்கும், 7-இல் ஆழமாக விழும். சாவிக்கொத்தோடு பையில் கிடந்து கீறல் விழுந்தது என்று நினைப்போம். சாவி இரும்பாகவோ பித்தளையாகவோ இருக்கும், அது கண்ணாடியை விட மென்மை. பையின் அடியில் கிடந்த நாலு மணல் துகள்தான் அந்த வேலையைச் செய்திருக்கும்.

உப்பு அப்படியில்லை. அதன் கடினம் 2-இலிருந்து 2.5-க்குள், நம் நகத்தின் அளவுதான். கண்ணாடியை அது கீறாது. ஆனால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். கடற்கரை வீட்டில் ராத்திரி அப்படி நீர்த்த உப்பு, பகல் வெயிலில் மறுபடி காய்ந்து திரையோடு ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் கிடந்த மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மணலை ஊதினாலும் சில துகள் போகாமல் நிற்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் காணும் மாவட்டம் இது. காற்றில் ஈரம் குறையும் மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு தொல்லையும் இதிலேயே இருக்கிறது. உப்பு நீர் மின்சாரம் கடத்தும். தொடுதிரை வேலை செய்வது விரலின் மின்தன்மையை உணர்ந்துதான். திரையில் நீர்த்த உப்பு ஒரு படலமாக நின்றால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். "அண்ணே, செல்லு தானா போன் போடுது, தொட்டா கேக்க மாட்டேங்குது" என்று செல்போன் சர்வீஸ் கடைக்கு வருகிற புகார்களில் ஒரு பங்கு டிஸ்ப்ளே மாற்றாமல், நல்ல தண்ணீர் நனைத்த துணியிலேயே தீர்ந்துவிடும். டிஸ்ப்ளே மாற்றப் பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை

மைக்ரோஃபைபர் துணி இரண்டு, முடிந்தால் மூன்று. ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த, மூன்றாவது எண்ணெய்க்கு. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடியோடு தருகிற வழுவழுப்பான துணி போதும். கார் துடைக்கும் பூப்போன்ற தடித்த துணி டிவிக்கு நல்லது, ஆனால் காருக்குப் பயன்படுத்தியதை டிவிக்குக் கொண்டுவரக் கூடாது. தோளில் கிடக்கும் துவர்த்து, கட்டியிருக்கும் சாரத்தின் நுனி, சேலை முந்தானை எதுவும் வேண்டாம். துணி மென்மையாகவே இருக்கலாம். அதில் ஒட்டியிருக்கும் மணல்தான் கீறும்.

ஏர் புளோயர் ஒன்று. போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் பந்துதான். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பஞ்சர் கடைக் காற்றுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் தாங்காது. புளோயர் இல்லையென்றால் புதிய, மெல்லிய பெயின்ட் பிரஷ் ஒன்றை இதற்கென்றே எடுத்து வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கரையோரக் கிணறு பலவற்றில் தண்ணீர் உப்பு கலந்தது. போர் தண்ணீரும் சில இடங்களில் அப்படித்தான். அதை நனைத்து உப்பைத் துடைப்பதில் என்ன லாபம்? உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய ஒரு சொட்டை முகம் பார்க்கும் கண்ணாடியில் விட்டு, துடைக்காமல் காய விடுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் திரைக்கு ஆகாது. எங்கும் தேட வேண்டாம்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் மூலையில் கிடக்கும். திரைக்கு அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. வாங்கும்போது லேபிளைப் பார்த்து வாங்குங்கள், பேட்டரி ஆசிட்டும் அதே கடையில்தான் விற்கும். ஆர்ஓ தண்ணீரும் பரவாயில்லை.

கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். 99 சதவீதம் என்று எழுதியிருந்தால் ஏழு பங்கு ஐபிஏவுக்கு மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 70 சதவீதம் ஆகும். சீக்கிரம் தீப்பற்றும் பொருள் இது. அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம். சானிடைசர் இதற்கு மாற்றாகாது. அதில் உள்ள கிளிசரினும் ஜெல்லும் திரையில் படலமாக நிற்கும்.

செல்போன்: படிப்படியாக

சார்ஜரைக் கழற்றி, போனை முழுவதும் அணைத்துவிடுங்கள். கருத்த திரையில்தான் அழுக்கு தெரியும், கை பட்டு யாருக்காவது போன் போய்விடும் என்ற கவலையும் இல்லை. கவரைக் கழற்றுங்கள். கவரின் உள்விளிம்பில்தான் மணல் பதுங்கியிருக்கும்; கவரைத் தனியே சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காய வையுங்கள்.

அடுத்து, இன்னொரு போனின் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில், படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது சுத்தமாகத் தெரிந்த திரையில் மணல் துகள்கள் ஒவ்வொன்றும் நீள நிழலோடு எழுந்து நிற்கும். உப்பு மங்கலான வெள்ளைப் படலமாக, நடுநடுவே சின்ன வளையங்களாகத் தெரியும். எண்ணெய் வானவில் நிறம் அடிக்கும். எதை எங்கே துடைக்க வேண்டும் என்று இந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

போனைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். விளிம்பு, காது வைக்கும் ஸ்பீக்கர் ஓட்டை, கேமராவைச் சுற்றிய மேடு எல்லாம் ஊத வேண்டும். டார்ச்சில் மறுபடி பாருங்கள். ஒட்டிக்கொண்ட துகள் மிச்சம் இருந்தால் தேய்க்காதீர்கள். துணியின் மூலையை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தின் மேல் அரை நிமிடம் அப்படியே வைத்து, இழுக்காமல் நேரே தூக்குங்கள். உப்பு கரைந்ததும் மணல் துணியோடு வந்துவிடும். இந்த ஒரு படியைத்தான் பலரும் செய்வதில்லை, கீறல் விழுவதும் இங்கேதான்.

இப்போது துடைக்கலாம். ஈரத் துணியைப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, அவ்வளவு ஈரம் போதும். மேலிருந்து கீழாக ஒரு தடவை, துணியைத் திருப்பிப் புதுப் பக்கத்தால் இன்னொரு தடவை. வட்டமாகத் துடைக்கலாமா, நேர்கோட்டிலா என்று பெரிய விவாதமே நடக்கும். மணல் போன பிறகு போன் அளவுத் திரைக்கு இரண்டும் ஒன்றுதான். சார்ஜர் போடும் ஓட்டைப் பக்கம் ஈரம் போகக் கூடாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். உப்பு போய்விட்டது.

எண்ணெய் மிச்சம் இருந்தால் மட்டும் ஐபிஏ. திரையில் நேரே அடிக்காமல் மூன்றாவது துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடையுங்கள். நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டே ரீல்ஸ் தள்ளுகிற வீட்டில் இது அடிக்கடி தேவைப்படும், ஆனால் தினமும் செய்யாதீர்கள். செல்போன் திரையின் மேல் விரல் ரேகை ஒட்டாமலிருக்க மிக மெல்லிய ஃபுளோரின் பூச்சு ஒன்று உண்டு. சாதாரண உபயோகத்திலேயே அது தேயும், உரசலும் இரசாயனமும் அதை வேகப்படுத்தும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. பரந்து வழிந்தால் அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. கட்டைவிரல் அதிகம் படும் கீழ்ப்பாதியில் முதலில் போகும். ஐபோனுக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் மெதுவாகத் துடைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது, பிளீச்சும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கூடாது என்றும் சொல்கிறது.

கேமரா லென்ஸுக்கும் இதே வரிசைதான். வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் இடையே உள்ள கண்ணாடிப் பாலத்தில் நின்று எடுத்த படமெல்லாம் மங்கலாக வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். அலைத் தூவானம் லென்ஸில் காய்ந்திருக்கும்.

டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருப்பவர்களுக்குக் கவலை பாதிதான், கீறல் விழுந்தால் மாற்றிக்கொள்ளலாம். கடற்கரைக்காரர்கள் கட்டாயம் ஒட்ட வேண்டும் என்பது என் எண்ணம். மடிக்கிற போன்களின் உள்திரை மேற்பரப்பு பிளாஸ்டிக். நகம் பட்டாலே தடம் விழும். ஊதுவது, மென்மையான துணி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிவி: கண்ணாடி என்று நினைக்காதீர்கள்

பழைய பிக்சர் டியூப் டிவியின் முகப்பு தடித்த கண்ணாடி. பேப்பரைக் கசக்கித் தண்ணீர் தொட்டு அழுத்தித் தேய்த்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கம் இன்னும் கையில் நிற்கிறது. இன்றைய எல்இடி டிவியின் மேல்பரப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் ஃபிலிம், அதன் மேல் ஒளி பிரதிபலிக்காமலிருக்க ஒரு பூச்சு. அதற்குப் பின்னால் மெல்லிய கண்ணாடித் தகடுகள். அழுத்தினால் உள்ளே தடம் நிற்கும். பேப்பரின் மரநார் ஃபிலிமைக் கீறும். அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர் பூச்சைத் தின்னும். ஆல்கஹாலையும் டிவிப் பக்கம் கொண்டு போகாதீர்கள், உங்கள் டிவியோடு வந்த கையேட்டில் கூடும் என்று எழுதியிருந்தால் தவிர.

பிளக்கைப் பிடுங்கி, திரை ஆறும் வரை விடுங்கள். சூடான திரையில் ஈரம் உடனே காய்ந்து கோடு கோடாக நிற்கும். முதலில் புளோயரோ மெல்லிய பிரஷ்ஷோ கொண்டு மேலிருந்து கீழே தூசி தட்டுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றுகிற மாதங்களில் தூசியே ஒரு அடுக்கு நிற்கும், அவசரப்படாதீர்கள். தடித்த மைக்ரோஃபைபரை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, இன்னொரு தடவை பிழிந்து, எடையே இல்லாமல் இழுங்கள். மறுகையில் உலர்ந்த துணி பின்னாலேயே வர வேண்டும். இங்கே நேர்கோட்டில் இழுப்பதே நல்லது, கோடு குறைவாகத் தெரியும்.

ஸ்பிரே பாட்டிலைத் திரை மேல் பிடித்து அடிக்கவே கூடாது. வழிகிற நீர் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும். பல டிவிகளில் படத்தை இயக்கும் மெல்லிய இணைப்புகள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. அங்கே ஈரம் பட்டால் திரையில் நெடுக்குக் கோடு விழும். அதற்குப் பிறகு பேனலையே மாற்ற வேண்டியிருக்கும், பேனல் விலை பெரும்பாலும் புது டிவி விலையை நெருங்கிவிடும்.

எண்ணெய்ப் புகை, கொசுவர்த்திப் புகை படிந்து மஞ்சளாகியிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அதில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு தடவை சோப்பை எடுக்க வேண்டும். சுவரில் மாட்டிய டிவியில் பல்லி எச்சம் நிச்சயம் இருக்கும். அதைச் சுரண்டாதீர்கள். பிழிந்த ஈரத் துணியை ஒரு நிமிடம் அதன் மேல் ஒற்றி வைத்தால் ஊறித் தானாக வரும். செத்த கொசுவுக்கும் அதே வைத்தியம்.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டிவி மாட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் அணைத்து ஆறிய பிறகு ஒரு பருத்தித் துணியால் மூடுங்கள். துடைக்கும் வேலை பாதியாகக் குறையும்.

லேப்டாப்புக்கு டிவி முறையே போதும். மினுக்கம் இல்லாத மேட் திரை என்றால் தண்ணீர் மட்டும். மூடியின் ஓரத்தை விரலால் தாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கீல் ஆடும். திரையில் கீபோர்டின் அச்சு விழுந்திருந்தால் கீபோர்டையும் துடையுங்கள், எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது.

போட்டில் உள்ள கருவிகள்

சின்னமுட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் நிற்கும் போட்டுகளில் ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் திரைகள் படும் பாடு வீட்டு டிவிக்குத் தெரியாது. உப்பு அடுக்கடுக்காகக் காய்ந்திருக்கும், அதன் மேல் டீசல் புகை. வெயிலில் தெளிவாகத் தெரிய அவற்றுக்கு ஒளி தெறிக்காத பூச்சு இருக்கிறது, அம்மோனியா கலந்த கிளீனர் பட்டால் அது கெட்டுப்போகும். ஆகவே கரைக்கு வந்ததும், கேனில் மிச்சமிருக்கும் குடிதண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் திரை மேல் போர்த்தி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். உப்பு இளகியதும் தேய்க்காமல் எடுத்து, புதுத் துணியால் இன்னொரு முறை. டீசல் பிசுக்கு இருந்தால் மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கான திரவத்தில், அதுவும் இத்தகைய பூச்சுக்கு ஆகும் என்று எழுதியிருப்பதை, துணியில் விட்டுத் துடையுங்கள். கருவியோடு வந்த மூடியைத் தூக்கிப் போடாமல் மாட்டி வைத்தால் இவ்வளவு வேலையே இல்லை.

செல்போன் கடலில் விழுந்து கிடைத்தால்? தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபி68 என்று எழுதியிருக்கும் போன்களையும் சோதிப்பது நல்ல தண்ணீரில்தான், கடல் நீரில் இல்லை. உடனே அணைத்து, அப்படிப்பட்ட போன் என்றால் நல்ல தண்ணீரில் அலசி, ஓட்டைகள் கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி, காற்றோட்டத்தில் வையுங்கள். நன்றாகக் காயும் வரை சார்ஜர் போடக் கூடாது. அரிசிப் பானையில் புதைப்பதால் பயன் இல்லை, அரிசித் தூள் ஓட்டைக்குள் போவதுதான் நடக்கும்.

ரப்பர் பால் பட்டால்

குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்கள் போனை டார்ச்சாகவும் பாட்டுப் பெட்டியாகவும் வைத்திருப்பார்கள். கை முழுக்கப் பால். ஈரப் பாலைத் துடைத்தால் திரை முழுக்கப் பரவும், துணியும் வீணாகும். அப்படியே காய விடுங்கள். காய்ந்ததும் விரல் நுனியால் ஓரத்தை உருட்டினால் ஒட்டுப்பால் போலச் சுருண்டு தோலாக வந்துவிடும், கண்ணாடியில் தடம் இருக்காது. ஸ்பீக்கர் வலைக்குள் போயிருந்தால் மட்டும் உலர்ந்த பிரஷ் தேவைப்படும். ரப்பர் ஷீட் போடப் பாலை உறைய வைக்கும் ஆசிட் துளி பட்டால் காயும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஈரத் துணி.

திரைப் பக்கமே கொண்டு போகக் கூடாத பொருள்கள் எல்லா வீட்டிலும் உண்டு: பற்பசை, வினிகர், டெட்டால், பெட்ரோல், தின்னர், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். பற்பசை கீறலை மறைக்கும் என்பார்கள். அது பல்லைத் தேய்க்கும் துகள் உள்ள பசை. கீறலைச் சுற்றியிருக்கும் பூச்சையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

துணியைப் பார்த்துக்கொள்வது

துடைத்த துணியை அப்படியே மடித்து வைத்தால் அடுத்த முறை இதே உப்பும் மணலும் திரைக்கே திரும்பும். கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் கையால் அலசுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது நாரின் இடுக்குகளை அடைத்துவிடும், பிறகு துணி எண்ணெயை உறிஞ்சாது. கடைசி அலசல் நல்ல தண்ணீரில். காய வைக்கக் கடற்காற்று அடிக்கும் மொட்டை மாடிக் கொடி சரிவராது. வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் காய வைத்து, காய்ந்ததும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிடுங்கள். கரையோர வீட்டில் டிவிக்கு வாரம் ஒரு முறை, செல்போனுக்கு மணலிலோ அலையிலோ நின்று வந்த அன்றைக்கே. கடலை விட்டுத் தள்ளி என்றால் அழுக்கு கண்ணுக்குத் தெரியும்போது துடைத்தால் போதும்.